வெரோனா 1984–85: குலுக்கலில் விழுந்த கோப்பையா?

கேள்வி இதுதான்: "1984–85இல் ஹெல்லாஸ் வெரோனா இத்தாலியின் சீரி ஆ பட்டத்தை வென்றது. அந்த ஒரு சீசனில் மட்டும்தான் நடுவர்களைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்களாம். அதனால்தான் ஒரு சின்ன கிளப் ஜெயித்தது என்கிறார்கள். உண்மையா? அந்த அணியில் அப்படி என்னதான் இருந்தது?"

குலுக்கல் நடந்தது உண்மை. அதனால்தான் வெரோனா ஜெயித்தது என்பதை நான் ஏற்கமாட்டேன். ஏன் என்று சொல்ல, அந்த வருடத்துக்கு மூன்று வருடம் முன்னால் போய், அதற்கு ஒரு வருடம் பின்னாலும் வரவேண்டியிருக்கிறது.

முதலில் குலுக்கல். அதுவரை எந்தப் போட்டிக்கு எந்த நடுவர் என்பதை நியமனப் பொறுப்பாளர் முடிவு செய்துவந்தார். பெரிய கிளப்களுக்குச் சாதகமான ஆட்களை அனுப்புகிறார்கள் என்ற புகார் இத்தாலியில் என்றைக்கும் ஓய்ந்ததில்லை. போதாததற்கு 1980இல் சூதாட்ட ஊழல் வெடித்து, மிலானும் லாட்சியோவும் இரண்டாம் டிவிஷனுக்கு இறக்கப்பட்டிருந்தன. 1984–85இல் நடுவர்களை முழுக்க முழுக்கச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அந்த வருடமே வெரோனா சாம்பியன் ஆனது. அடுத்த வருடம் குலுக்கலைக் கைவிட்டு, பழையபடி நியமனத்துக்குத் திரும்பினார்கள். இந்த மூன்றையும் வரிசையாக அடுக்கிவைத்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். வெரோனா ரசிகர்களே இதைப் பெருமையாகச் சொல்வார்கள்: "ஒரே ஒரு வருடம் நேர்மையாக நடத்தினார்கள், நாங்கள் ஜெயித்தோம்." கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இப்படிச் சொல்லும்போது அவர்கள் தங்கள் அணியையே குறைத்துக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம்.

ஏனென்றால் வெரோனா அந்த வருடம் திடீரென்று முளைத்த அணி இல்லை.

ஒஸ்வால்டோ பன்யோலி 1981இல் பயிற்சியாளராக வந்தபோது வெரோனா இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. பன்யோலி மிலான் நகரின் போவிசா பகுதியைச் சேர்ந்தவர், 1935இல் பிறந்தவர். போவிசா தொழிற்சாலைகளும் புகைபோக்கிகளுமான இடம். ஆட்டக்காரராக மிலான் அணியில் 1957இல் ஒரு பட்டம் பார்த்தவர், பிறகு வெரோனாவுக்கும் ஆடியிருக்கிறார். அதிகம் பேசமாட்டார், சிரிப்பும் அபூர்வம். பத்திரிகைக்காரர்கள் அவருக்கு 'போவிசாவின் ஷோப்பன்ஹோவர்' என்று, வாழ்க்கையை இருட்டாகவே பார்த்த ஜெர்மன் தத்துவஞானியின் பெயரை வைத்தார்கள். அவருடைய கால்பந்துத் தத்துவமாக இன்றும் சொல்லப்படுவது மிலான் வட்டார வழக்கில் ஒரு வரி. பேக் (தற்காப்பு) ஆடுகிறவன் பேக் ஆடட்டும், மிட்ஃபீல்டில் இருக்கிறவன் மிட்ஃபீல்டைப் பார்க்கட்டும் என்பதுதான் அதன் சாரம். அவரவர் வேலையை அவரவர் செய்தால் போதும் என்று நம்பியவர்.

வந்த முதல் வருடமே இரண்டாம் டிவிஷனை வென்று மேலே ஏறினார்கள். 1982–83இல், ஏறிய கையோடு, சீரி ஆவில் நான்காம் இடம். அதே வருடம் இத்தாலியக் கோப்பை இறுதிப்போட்டி வரை போய், முதல் ஆட்டத்தில் யுவென்டஸை 2–0 என்று அடித்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் கூடுதல் நேரத்தின் கடைசியில் பிளாட்டினி போட்ட கோலில் 3–0 என்று தோற்றுக் கோப்பையைக் கோட்டைவிட்டார்கள். 1983–84இல் ஆறாம் இடம், மறுபடியும் கோப்பை இறுதிப்போட்டி, இந்தத் தடவை ரோமாவிடம் தோல்வி. இதெல்லாம் நியமன நடுவர்கள் காலத்தில் நடந்தது. நான்காம் இடத்துக்கும் இரண்டு இறுதிப்போட்டிகளுக்கும் வந்த அணி அடுத்த படி ஏறியதற்குச் சீட்டுக் குலுக்கலைக் காரணம் காட்டத் தேவையில்லை.

சரி, அந்த அணியில் யார் யார் இருந்தார்கள்? எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த பகுதி இது. கிட்டத்தட்ட எல்லோரும் பெரிய கிளப்கள் வேண்டாம் என்று ஒதுக்கியவர்கள்.

கோல்கீப்பர் கிளாவ்தியோ கரெல்லா. லாட்சியோவில் இருந்தபோது அவர் விட்ட கோல்களைக் கேலி செய்ய அவர் பெயரிலிருந்தே 'கரெல்லாத்தா' என்று ஒரு சொல்லை உண்டாக்கியிருந்தார்கள். கீப்பர் செய்யும் அபத்தத் தவறுக்கு அதுதான் பெயர். வெரோனாவில் அதே மனிதர் கால், முழங்கால், தொடை என்று கிடைத்த உறுப்பால் எல்லாம் பந்தைத் தடுத்தார். கையை உபயோகிக்காத கீப்பர்களில் உலகிலேயே சிறந்தவர் என்று அவரைப் பற்றி ஒரு கிண்டல் உண்டு, அதை யுவென்டஸ் முதலாளி ஆன்யெல்லியின் பெயரில் சொல்வார்கள். கிண்டல் மாதிரிதான் தெரிகிறது, உள்ளே மரியாதை இருக்கிறது.

வலது ஓரத்தில் ஓடும் பியெத்ரோ ஃபன்னா யுவென்டஸில் இருந்து வந்தவர். அங்கே பட்டங்கள் கிடைத்தன, நிரந்தர இடம் கிடைக்கவில்லை. குட்டையான ஃபார்வர்டு ஜூசெப்பே கல்தெரிசியும் யுவென்டஸ் விட்ட பையன்தான். தற்காப்பின் பின்னால் நின்று ஆட்டத்தைப் படிக்கும் லிபரோவும் கேப்டனுமான ரொபெர்த்தோ திரிச்செல்லா இன்டரின் இளையோர் அணியில் வளர்ந்தவர். பாஸ் கொடுப்பதில் கைதேர்ந்த அந்தோனியோ தி ஜென்னாரோ ஃபியொரென்டினாவில் தொடங்கியவர். இடது பேக் லுச்சானோ மராங்கோன் யுவென்டஸ், நேப்பிள்ஸ், ரோமா என்று ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்தவர். 33 வயது தொமெனிகோ வோல்பாத்தி மருத்துவம் படித்தவர், பின்னாளில் பல் மருத்துவராகவே ஆகிவிட்டார். இந்த ஆட்களைப் பொறுக்கிச் சேர்த்ததில் கிளப்பின் விளையாட்டு இயக்குநர் எமிலியானோ மஷெத்திக்குப் பெரிய பங்குண்டு. அவரும் முன்னாள் வெரோனா ஆட்டக்காரர். சீசன் முழுக்கச் சுமார் பதினேழு பேரை வைத்தே ஓட்டினார்கள்.

இந்தக் கூட்டத்தோடு 1984 கோடையில் வந்து சேர்ந்தார்கள் இரண்டு வெளிநாட்டுக்காரர்கள். அப்போது ஒரு கிளப்புக்கு இரண்டு பேர்தான் அனுமதி.

ஒருவர் மேற்கு ஜெர்மனியின் ஹான்ஸ்-பீட்டர் ப்ரீகல். இளவயதில் தடகள வீரர். குதிரை மாதிரி உடம்பு, ஓட்டம் நிற்காது. ஜெர்மனியில் அவரைத் தற்காப்பு வீரராகவே பார்த்திருந்தார்கள். பன்யோலி அவரை மிட்ஃபீல்டில் நிறுத்தினார். அந்த சீசனில் லீக்கில் 9 கோல் அடித்தார். 1985இல் ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த கால்பந்து வீரர் விருது அவருக்குக் கிடைத்தது. வெளிநாட்டு கிளப்பில் ஆடிக்கொண்டே அதை வாங்கிய முதல் ஆள் அவர்தான்.

இன்னொருவர் டென்மார்க்கின் ப்ரெபன் எல்கியர். பெல்ஜியத்தின் லொக்கெரன் கிளப்பிலிருந்து வந்தார். வருவதற்குச் சில வாரம் முன்புதான் நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராகப் பெனால்டியை வானத்தில் அடித்து டென்மார்க்கை வெளியேற்றியிருந்தார். சிகரெட் பிடிப்பார், ஒளித்துமறைப்பதெல்லாம் இல்லை. பந்து காலுக்கு வந்துவிட்டால் நேரே கோலை நோக்கி ஓடுவார், குறுக்கே யார் நின்றாலும் சரி.

அந்த வருட சீரி ஆ எப்படிப்பட்ட இடம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். யுவென்டஸில் பிளாட்டினியும் போனியெக்கும், உதினேசேயில் ஸீக்கோ, ஃபியொரென்டினாவில் சாக்ரட்டீஸ், இன்டரில் ரும்மெனிகெ, ரோமாவில் ஃபல்கவோ. போதாததற்கு அந்தக் கோடையில்தான் நேப்பிள்ஸ் அணி மாரடோனாவை பார்சிலோனாவிலிருந்து வாங்கியிருந்தது.

மாரடோனாவின் முதல் சீரி ஆ ஆட்டமே வெரோனாவில்தான். 1984 செப்டம்பர் 16, பெந்தெகோதி மைதானம். உலகமே மாரடோனாவைப் பார்க்க வந்தது. ப்ரீகல் அவரை நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டார், அதோடு நிற்காமல் முன்னே போய் ஒரு கோலும் போட்டார். கல்தெரிசி ஒன்று, தி ஜென்னாரோ ஒன்று, ஆட்டம் 3–1. அன்றைக்கு வெரோனா ரசிகர்கள் தெற்கத்திக்காரர்களை இழிவுபடுத்தும் பேனர்களைக் கட்டியிருந்தார்கள். 'இத்தாலிக்கு வரவேற்கிறோம்' என்று, ஏதோ நேப்பிள்ஸ் வேறு நாடு என்பதுபோல. வெரோனா ரசிகர் கூட்டத்தின் இந்த முகத்தை மறைத்துவிட்டு இந்த சீசனைத் தேவதைக் கதையாகச் சொல்பவர்கள் நிறைய. எனக்கு அது சம்மதமில்லை. பின்னொரு காலத்தில் நேப்பிள்ஸ் ரசிகர்கள் வெரோனாவின் ஜூலியட்டைப் பற்றி ஒரு பேனர் கட்டிப் பதிலடி கொடுத்தார்கள். அதில் இருந்த சொல்லை இங்கே எழுத முடியாது, ஆனால் இத்தாலியில் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

அக்டோபர் 14 அன்று நடப்புச் சாம்பியன் யுவென்டஸ் வந்தது. முதல் கோல் கல்தெரிசி, பழைய முதலாளிக்கு எதிராக. ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கையில் எல்கியர் இடது பக்கம் பந்தை வாங்கிக்கொண்டு ஓடத் தொடங்கினார். ஸ்டெஃபானோ பியோலி என்ற இளம் தற்காப்பு வீரர் காலை நீட்டினார் (அதே பியோலிதான், 2022இல் மிலானைப் பயிற்சியாளராகச் சாம்பியன் ஆக்கியவர்). எல்கியரின் வலது கால் பூட்ஸ் கழன்று பின்னால் கிடந்தது. அவர் நிற்கவில்லை. இன்னொருவரையும் கடந்து, வெறும் காலுறையோடு வலது காலாலேயே பந்தை வலைக்குள் அனுப்பினார். 2–0. ஒற்றைச் செருப்பைத் தொலைத்த சிண்ட்ரெல்லாவை ஆணாக மாற்றி 'செனெரென்தோலோ' என்று அவருக்குப் பெயர் வைத்தார்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் வெரோனா என்றால் இத்தாலியர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தக் கோல்தான்.

ஆனால் அந்தக் கோலை மட்டும் பார்த்தால் அணி புரியாது. வெரோனா பந்தை வைத்துக்கொண்டு வித்தை காட்டும் அணி கிடையாது. பின்னால் திரிச்செல்லா, அவருக்கு முன்னால் எதிரணி ஃபார்வர்டுகளை ஆளுக்கு ஆள் பிடிக்க ஃபொந்தொலானும் ஃபெர்ரோனியும், இடைவெளிகளை அடைக்க வோல்பாத்தி. பந்து கிடைத்ததும் தி ஜென்னாரோவிடம் போகும். அவர் தலை நிமிர்வதற்குள் ஃபன்னா வலது பக்கம் ஓடியிருப்பார், மராங்கோன் இடது பக்கம். நடுவில் ப்ரீகல் ரயில் எஞ்சின் மாதிரி வருவார். மூன்று நான்கு பாஸில் எதிரணியின் பெனால்டி பகுதி வந்துவிடும். எதிரணித் தற்காப்பு எல்கியரையே பார்த்துக்கொண்டிருக்கும்போது கல்தெரிசி எங்கிருந்தோ வந்து தட்டிவிடுவார். லீக்கில் அணியின் அதிக கோல் அவருடையதுதான், 11. எல்கியர் 8.

தற்காப்புதான் ஆணிவேர். 30 ஆட்டங்களில் வாங்கிய கோல் 19, லீக்கிலேயே குறைவு. அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. தோற்ற இரண்டு ஆட்டங்களிலும், உதினேயில் ஆடிய ஒரு பைத்தியக்கார ஆட்டத்திலும், பட்டம் கைக்கு வந்த பிறகு ஆடிய கடைசி ஆட்டத்திலும் சேர்த்து 9 கோல் விட்டார்கள். மீதி 26 ஆட்டங்களுக்கும் சேர்த்து வெறும் 10. இப்படி ஆடுகிற அணிக்கு எந்த நடுவர் வந்தால் என்ன?

முதல் தோல்வி ஜனவரி 13 அன்று, அவெல்லினோ என்ற சின்ன ஊரில், 2–1. லீக்கின் சரிபாதியில் வந்த தோல்வி. அப்படியும் 15 ஆட்டத்தில் 22 புள்ளியோடு முதலிடத்தில்தான் இருந்தார்கள் (அப்போது வெற்றிக்கு இரண்டு புள்ளி). இத்தோடு காற்று இறங்கிவிடும் என்று பலர் காத்திருந்தார்கள். சின்ன கிளப் முன்னால் ஓடும்போது எல்லா ஊரிலும் இப்படி ஒரு கூட்டம் காத்திருக்கும்.

பிப்ரவரி 10 அன்று உதினே நகரில், உதினேசேக்கு எதிராக. இருபது நிமிடத்தில் வெரோனா 3–0. ப்ரீகல், கல்தெரிசி, எல்கியர் ஆளுக்கொன்று. இடைவேளைக்குச் சற்று முன்பு எடினோ ஒன்றைத் திருப்பினார். இடைவேளைக்குப் பிறகு கார்னெவாலே, அப்புறம் மவுரோ. 3–3. வேறு அணியாக இருந்தால் அங்கேயே சரிந்திருக்கும். வெரோனாவோ அடுத்த சில நிமிடத்துக்குள் எல்கியர் ஒன்று, ப்ரீகல் ஒன்று என்று இரண்டைப் போட்டு 5–3 என்று முடித்தது. பட்டம் எந்த ஆட்டத்தில் முடிவானது என்று கேட்டால் யுவென்டஸ் ஆட்டத்தைச் சொல்பவர்கள் உண்டு, கடைசியில் பட்டத்தை உறுதிசெய்த பெர்கமோ ஆட்டத்தைச் சொல்பவர்கள் உண்டு. நான் உதினேயைத்தான் சொல்வேன். மூன்று கோல் முன்னிலை கரைந்துபோன பிறகு பயப்படாமல் மறுபடி ஓடியதுதான் இந்த அணியின் குணம்.

இரண்டாவது தோல்வி கடைசிக் கட்டத்தில், சொந்த மைதானத்தில், துரத்திக்கொண்டிருந்த தொரீனோவிடம் 2–1. கொஞ்சம் பதற்றம் இருந்தது. ஆனால் தொரீனோவால் நெருங்கி வர முடிந்ததே தவிரப் பிடிக்க முடியவில்லை.

மே 12, பெர்கமோ, அதலான்தாவுக்கு எதிராக. ஒரு புள்ளி கிடைத்தால் பட்டம். பெரிகோ போட்ட கோலில் அதலான்தா முன்னிலை. இடைவேளை முடிந்து வந்த சற்று நேரத்தில் எல்கியர் சமன் செய்தார். 1–1, போதும். அடுத்த வாரம் பெந்தெகோதியில் கொண்டாட்டத்தோடு அவெல்லினோவை 4–2 என்று அடித்து ஜனவரிக் கணக்கையும் தீர்த்தார்கள். கடைசி நிலவரம்: 15 வெற்றி, 13 டிரா, 2 தோல்வி, 43 புள்ளி. தொரீனோ 39, இன்டர் 38, சம்ப்தோரியா 37. யுவென்டஸும் மிலானும் 36. மாரடோனாவின் நேப்பிள்ஸ் 33 புள்ளியோடு எட்டாவது.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பெரியவர்கள் அந்த வருடம் முழு பலத்தோடு இல்லை. யுவென்டஸின் கண் முழுக்கக் கிளப்களுக்கான ஐரோப்பியக் கோப்பை மேல் இருந்தது. (அந்த இறுதிப்போட்டிதான் மே 29 அன்று பிரஸ்ஸல்ஸின் ஹெய்சலில், 39 பேர் செத்துப்போன அன்றைக்கு நடந்தது.) ரோமா முந்தைய வருடம் சொந்த ஊரிலேயே அதே கோப்பையை லிவர்பூலிடம் இழந்துவிட்டுப் பயிற்சியாளரையும் மாற்றியிருந்தது, ஃபல்கவோ காயத்தில் கிடந்தார். வெரோனாவுக்கு ஐரோப்பிய ஆட்டம் எதுவும் இல்லை, வாரம் முழுக்க ஓய்வெடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆடினார்கள். அதிர்ஷ்டம் என்று ஒன்றைக் காட்டச் சொன்னால் நான் இதைக் காட்டுவேன். நடுவர் சீட்டைவிட இதற்கு எடை அதிகம்.

இப்போது அடுத்த வருடம். 1985–86இல் வெரோனா பத்தாவது இடம். "பார்த்தீர்களா, குலுக்கல் போனதும் வெரோனாவும் போனது" என்று கைகாட்டுபவர்கள் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஆனால் அந்தக் கோடையில் என்ன நடந்தது என்று பாருங்கள். கரெல்லாவை நேப்பிள்ஸ் வாங்கிவிட்டது. ஃபன்னாவையும் மராங்கோனையும் இன்டர் வாங்கிவிட்டது. கீப்பர், வலது ஓரம், இடது ஓரம் மூன்றும் காலி. பதினேழு பேர் அணியில் மூன்று முக்கியமான ஆட்கள் போனால் மிச்சம் என்ன இருக்கும்? இரண்டு வருடம் கழித்து நேப்பிள்ஸ் தன் முதல் பட்டத்தை வென்றபோது கோலில் நின்றது இதே கரெல்லாதான். ஃபன்னா 1989இல் இன்டரோடு இன்னொரு பட்டம் வாங்கினார். ஒரு காலத்தில் ஒதுக்கியவர்களே காசு கொடுத்துத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அப்படியும் 1986–87இல் பன்யோலி வெரோனாவை மறுபடி நான்காம் இடத்துக்குக் கொண்டுவந்தார், நியமன நடுவர்களின் கீழ்.

மெக்சிகோவில் நடந்த 1986 உலகக் கோப்பைக்கு வெரோனா ஆட்கள் ஐந்து பேர் போனார்கள்: இத்தாலிக்கு தி ஜென்னாரோ, கல்தெரிசி, திரிச்செல்லா, டென்மார்க்குக்கு எல்கியர், ஜெர்மனிக்கு ப்ரீகல். எல்கியர் உருகுவேக்கு எதிராக மூன்று கோல் போட்டார். இறுதிப்போட்டியில் மாரடோனா கொடுத்த பாஸை வாங்கி புருச்சாகா ஓடிப்போய் வெற்றிக் கோலை அடிப்பாரே, அவருக்குப் பின்னால் மூச்சுவாங்க ஓடி எட்டிப்பிடிக்க முடியாமல் போகிறவர் ப்ரீகல்தான். 1984 செப்டம்பர் கணக்கை மாரடோனா அங்கே தீர்த்துக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம்.

நடுவர் விஷயத்தில் வெரோனாக்காரர்களின் ஆறாத காயம் லீக்கில் நேர்ந்ததும் இல்லை. சாம்பியனாக ஐரோப்பியக் கோப்பைக்குப் போய், கிரீஸின் பாவோக்கை வென்று, அடுத்த சுற்றில் யுவென்டஸோடு மோதினார்கள். வெரோனாவில் 0–0. திரும்ப ஆட்டம் டூரினில், ஹெய்சல் தண்டனையால் ரசிகர்களே இல்லாத காலி மைதானத்தில். பிரெஞ்சு நடுவர் யுவென்டஸுக்கு ஒரு பெனால்டி கொடுத்தார், தங்களுக்கு வரவேண்டியதைக் கொடுக்கவில்லை என்பது வெரோனாவின் புகார். 2–0, வெளியே. ஆட்டம் முடிந்ததும் வெரோனாவின் உடைமாற்றும் அறையில் கண்ணாடி உடைந்த சத்தம் கேட்டுப் போலீஸ்காரர்கள் வந்தார்களாம். வாய் திறக்காத பன்யோலி அன்றைக்குத் திறந்து, திருடர்களைத் தேடுகிறீர்கள் என்றால் அவர்கள் பக்கத்து அறையில் இருக்கிறார்கள் என்றாராம். இதை எந்த வெரோனாக்காரரிடம் கேட்டாலும் சிரித்துக்கொண்டே சொல்வார்.

இத்தாலியில் லீக் ஒரே தொடராக மாறிய 1929க்குப் பிறகு, மாநிலத் தலைநகர் அல்லாத ஒரு ஊரின் அணி பட்டம் வென்றது அந்த ஒரு தடவைதான். வெரோனா இருக்கும் வெனெத்தோவுக்குத் தலைநகர் வெனிஸ்.

கோல் தொகுப்புகள் இணையத்தில் கிடைக்கின்றன. பூட்ஸ் இல்லாத கோலை எப்படியும் பார்த்துவிடுவீர்கள். நேரம் இருந்தால் உதினே ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள், 3–3 ஆன நிமிடத்திலிருந்து.